பி2பின்2 ரியாக்ஷனில் பாதி பைஅரைலாகப் போவது ஏன்?

கேள்வி இதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் ஒரு தம்பி, 4-ப்ரோமோஅனிசோலை பிஸ்(பினகோலாட்டோ)டைபோரானோடு (சுருக்கமாக பி2பின்2) சேர்த்து போரோனேட் எஸ்டர் செய்கிறார். மாசியில் ஒழுங்காக வந்த ரியாக்ஷன் ஆனி பிறந்ததிலிருந்து தகராறு செய்கிறது. என்.எம்.ஆரில் வேண்டிய பீக்கோடு 7.48, 6.96 பி.பி.எம்.மில் இரண்டு டபுளட் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவை பைஅரைலுடையவை, அதாவது இரண்டு பென்சீன் வளையங்கள் நேராக ஒட்டிக்கொண்ட பொருள். புது பல்லேடியம் கேட்டலிஸ்ட் பாட்டிலை உடைத்துப் போட்டும் அதே கதை. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: இந்தப் போரான்–போரான் பிணைப்பு டைபோரேனில் உள்ளதுதானா, இதை வைத்து வேறு என்னென்ன செய்யலாம்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கேட்டலிஸ்டை விட்டுவிட்டுப் பொட்டாசியம் அசிடேட் பாட்டிலைத் திறந்து பாருங்கள். தைக்கும் மாசிக்கும் பாலக்காட்டுக் கணவாயில் அடிப்பது கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. ஆனி, ஆடியில் அதே கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி நகர்கிறதோ இல்லையோ, திறந்து வைத்த பொட்டாசியம் அசிடேட் கசிந்து பாட்டிலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் வந்தால் பைஅரைல் ஏன் வரவேண்டும் என்பதற்கு அந்தப் பிணைப்பின் குணம் தெரிந்தாக வேண்டும். ஆகவே இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

டைபோரேனில் இருப்பது இது இல்லை. டைபோரேனில் இரண்டு போரானையும் இரண்டு ஹைட்ரஜன்கள் பாலம் போட்டுப் பிடித்திருக்கின்றன. அங்கே போரானுக்கும் போரானுக்கும் நடுவில் நேரான இரண்டு எலெக்ட்ரான் பிணைப்பு கிடையாது. நாம் பேசும் டைபோரான்(4) சேர்மங்களில் போரானும் போரானும் நேராகக் கைகோத்திருக்கும். ஒவ்வொன்றிலும் மேலும் இரண்டு தொகுதிகள் இருக்கும். பிணைப்பு நீளம் சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம். வேலையும் வேறு. டைபோரேன் வகையறா ஆல்கீனில் ஒரு ஹைட்ரஜனையும் ஒரு போரானையும் வைக்கும். டைபோரான் இரண்டு போரானையும் வைக்கும், அல்லது ஒன்றை வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு மற்றதைத் தியாகம் செய்யும். பேர் ஒற்றுமையால் தேர்வில் மார்க் போவது இங்கேதான்.

இந்தக் குடும்பத்தில் பழையது டைபோரான் டெட்ராகுளோரைடு. 1925-ல் ஆல்ஃபிரட் ஸ்டாக் குழுவினர், திரவ போரான் டிரைகுளோரைடில் துத்தநாக மின்முனைகளுக்கு இடையே மின்பொறி விட்டு அதைச் செய்தார்கள். 1954-ல் ஷ்லெசிங்கர் குழு அது எத்திலீனின் இருபுறமும் போய் ஒட்டுவதைக் காட்டியது. அதாவது டைபோரேஷன் என்ற வேலை நமக்குத் தெரிந்த கேட்டலிஸ்ட்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஆனால் அந்தக் குளோரைடு அறை வெப்பத்திலேயே சிதையத் தொடங்கும், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். அதை வைத்து யார் சமைப்பார்கள்? 1960-ல் பிரதர்ட்டனும் கூட்டாளிகளும் குளோரின் இருந்த இடத்தில் டைமெத்தில்அமினோ தொகுதிகளை வைத்தார்கள். நைட்ரஜனின் தனி ஜோடி எலெக்ட்ரான்கள் போரானின் காலி பி-ஆர்பிட்டலில் சாய்ந்துகொண்டதும் பொருள் அடங்கிவிட்டது. அதையே பினகாலோடு மாற்றினால் நம் பி2பின்2. நைட்ரஜன் செய்ததை இங்கே ஆக்சிஜன் செய்கிறது. அதனால்தான் 138 டிகிரியில் உருகும் இந்த வெள்ளைப் படிகத்தைத் திறந்த தராசில் நிறுத்துப் போட முடிகிறது.

தயாரிப்பு முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், செய்து பார்க்க வேண்டாம். டிரிஸ்(டைமெத்தில்அமினோ)போரேன் இரண்டு பங்கு, போரான் டிரைகுளோரைடோ டிரைப்ரோமைடோ ஒரு பங்கு கலந்தால் தொகுதிகள் இடம்மாறி, ஒரே ஹாலஜன் உள்ள போரான் சேர்மம் மூன்று பங்கு கிடைக்கும். அதைக் கொதிக்கும் டொலுவீனில் சோடியத்தோடு விட்டால் ஹாலஜன் உப்பாகப் போய் போரான்கள் ஜோடி சேரும். டொலுவீன் கொதிப்பது 111 டிகிரியில், சோடியம் உருகுவது 98 டிகிரியில். ஆகவே பிளாஸ்கில் உருண்டுகொண்டிருப்பது உருகிய சோடியம். பிறகு பினகாலும் ஈதரில் கரைத்த ஹைட்ரஜன் குளோரைடும் சேர்த்தால், அமின் முழுதும் உப்பாக வீழ்ந்து பி2பின்2 நிற்கும். உருகிய சோடியத்தோடு இரவெல்லாம் ரிஃப்ளக்ஸ் என்பது கல்லூரி ஆய்வகத்துக்கு ஆகாத வேலை. பாட்டிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குணம். ஆக்சிஜன் சூழ்ந்த போரான்–போரான் பிணைப்பு மோலுக்கு நூறு கிலோகலோரி அளவுக்கு வலுவானது. சூடாக்கி அதை உடைக்க முடியாது. 80 டிகிரியில் பி2பின்2-ஐத் தனியாக நாள் முழுக்கக் கிண்டினாலும் அப்படியே இருக்கும். உடைப்பதற்கு வேறு வழி உண்டு. ஒரு போரானின் காலி ஆர்பிட்டலில் யாராவது எலெக்ட்ரான் ஜோடியைக் கொண்டுவந்து வைத்தால், அது நான்கு பிணைப்போடு நிறைந்துபோகும். மற்ற போரானோ தன் பக்கத்துப் பிணைப்பு எலெக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்டு நியூக்ளியோஃபைல் மாதிரி கிளம்பும். எலெக்ட்ரானுக்குக் கையேந்தும் போரான், பக்கத்து வீட்டுக்காரன் வயிறு நிரம்பியதும் கொடுக்கிறவனாக மாறுவது இந்தப் பிணைப்பின் விசேஷம். எந்தப் போரானுக்கு, யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதை நீங்கள் தீர்மானித்தால் ரியாக்ஷன் நல்லது. தண்ணீர் தீர்மானித்தால் கெட்டது.

உங்கள் பிளாஸ்கில் நடப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். பல்லேடியம்(0) 4-ப்ரோமோஅனிசோலின் கார்பன்–ப்ரோமின் பிணைப்புக்குள் நுழைகிறது. அந்த ப்ரோமைடை அசிடேட் தள்ளிவிட்டு உட்காருகிறது. பல்லேடியத்தில் உட்கார்ந்த அசிடேட்டின் ஆக்சிஜன் பி2பின்2-ன் ஒரு போரானுக்குக் கொடுக்கிறது. மற்ற போரான் பல்லேடியத்துக்குத் தாவுகிறது. அசிடேட் ஒட்டிய போரான் வெளியே போகிறது, பல்லேடியத்தில் இருக்கும் அரைலும் (ப்ரோமின் போன வளையத் துண்டு) போரானும் ஒட்டிக்கொண்டு பொருளாக இறங்குகின்றன. 1995-ல் இஷியாமா, முராடா, மியாவுரா மூவரும் இதை வெளியிட்டபோது தேர்ந்தெடுத்த பேஸ் பொட்டாசியம் அசிடேட். அந்தத் தேர்வில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. அசிடேட் சோப்ளாங்கி பேஸ். பி2பின்2-க்குக் கொடுக்க அதனால் முடியும், புதிதாக உண்டான அரைல் போரோனேட்டை எழுப்பிவிட முடியாது.

அங்கே தண்ணீர் வந்து, அசிடேட்டோடு சேர்ந்து கொஞ்சம் ஹைட்ராக்சைடு கிளம்பினால்? அது உங்கள் பொருளின் போரானுக்குக் கொடுக்கும். நிறைந்த போரான் தன் அரைலை இன்னொரு அரைல்–பல்லேடியத்திடம் ஒப்படைக்கும். இரண்டு அனிசில்கள் சேர்ந்து 4,4'-டைமெத்தாக்சிபைஃபீனைல். வேறொன்றுமில்லை, இது சுசுகி கப்ளிங். நீங்கள் கூப்பிடாமலே வந்துவிட்டது. பொட்டாசியம் கார்பனேட்டைப் போட்டால் காய்ந்த சாமானிலும் இதே கதி, ஏனென்றால் அதன் பேஸ் பலம் அதிகம். அசிடேட் தீர்ந்துவிட்டது, கார்பனேட் போடலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தண்ணீரின் இன்னொரு சேட்டை, போரான் இருந்த இடத்தில் ஹைட்ரஜனை வைப்பது. அப்போது வருவது வெறும் அனிசோல். அது 154 டிகிரியில் கொதிப்பது, ரோட்டரியில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) கணிசமாகப் பறந்துவிடும்; ஆகவே உங்கள் கச்சா என்.எம்.ஆரில் தெரிவதைவிட உண்மையில் அதிகமாகவே உண்டாகியிருக்கும். மொத்த எடை குறைகிறதே, எங்கே போயிற்று என்ற சந்தேகத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

இனி சரிசெய்வது. பொட்டாசியம் அசிடேட் 10 கிராமை 100 மில்லி ஆர்.பி. பிளாஸ்கில் சுவரெங்கும் படியும்படி பரப்பி, எண்ணெய் பம்ப் வேக்கத்தில், 120 முதல் 130 டிகிரி ஆயில் பாத்தில் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒருமுறை நைட்ரஜன் விட்டுத் திறந்து, கட்டியை ஸ்பேட்டுலாவால் உடைத்துவிட்டு மீண்டும் வேக்கம் போடுங்கள். கட்டிக்குள் மாட்டிய ஈரம் வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது. வறுத்த ரவை மாதிரி உதிர்ந்து ஓடினால் ஆயிற்று. நைட்ரஜனில் ஆறவிட்டு, ஒரு ரியாக்ஷனுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன வயல்களில் பிரித்து, மூடி, டெசிகேட்டரில் வைத்துவிடுங்கள். பெரிய பாட்டிலாக வைத்தால் மூன்றாவது முறை திறக்கும்போது பழைய குருடி கதவைத் திறடிதான். பம்ப் இல்லையா? பெர்கின் ரியாக்ஷனுக்குச் சோடியம் அசிடேட்டை உருக்கிக் காயவைப்போமே, அதே மாதிரி பீங்கான் கிண்ணத்தில் உருக்கலாம். பொட்டாசியம் அசிடேட் 292 டிகிரியில் உருகும். முதலில் தன் ஈரத்திலேயே கரைந்து கொதிக்கும், பிறகு காய்ந்து வெளுக்கும், பிறகு மறுபடி உருகும். அந்த இரண்டாவது உருகலில் நிறுத்தி, பழுப்பு ஏறுவதற்குள் இறக்கி, சூடாக இருக்கும்போதே பொடித்து டெசிகேட்டருக்குள் தள்ளிவிடுங்கள். 110 டிகிரி ஓவனில் ராத்திரி வைத்து எடுப்பது போதாது. மேலே பொடியாகவும் உள்ளே பாறையாகவும் நிற்கும்.

காய்ந்ததா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. நான்கு இலக்கத் தராசில் பட்டர் பேப்பரை வைத்து ஒரு சிட்டிகை போட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்துக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். காய்ந்த அசிடேட் என்றால் எண் உங்கள் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். மழைநாளில் ஒரு நிமிடத்துக்குள் விளிம்பில் பளபளப்பு தட்டும். எண் அசையாமல் நின்றால் அது ஏற்கெனவே குடித்து முடித்தது என்று அர்த்தம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அசையாத உப்பே நல்ல உப்பு என்று நினைக்கிறார்கள்.

5 மில்லிமோல் அளவுக்குக் கணக்கு: 4-ப்ரோமோஅனிசோல் 935 மில்லிகிராம், அதாவது 0.63 மில்லி. பி2பின்2 1.40 கிராம், 1.1 ஈக்விவலன்ட். பொட்டாசியம் அசிடேட் 1.47 கிராம், 3 ஈக்விவலன்ட். டைகுளோரோமீத்தேன் சேர்ந்த பல்லேடியம்–டிபிபிஎஃப் டைகுளோரைடு 122 மில்லிகிராம், 3 மோல் சதவீதம். கரைப்பானாக டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) 25 மில்லி. டிஎம்எஸ்ஓவும் தண்ணீர் குடிக்கிற ஆசாமிதான்; 250 டிகிரிக்கு மேல் காயவைத்த 4 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யுலர் சீவ் மேல் ஒரு நாளாவது நிற்கட்டும். டைஆக்ஸேனிலும் செய்யலாம், பிறகு கழுவுவது சுலபம். ஆனால் பழைய பாட்டில் என்றால் முதலில் பெராக்சைடு சோதனை செய்யுங்கள்.

வரிசை முக்கியம். திடப்பொருள்கள் மூன்றையும் முதலில் போட்டு, செப்டம் மூடி, வேக்கம்–நைட்ரஜன் மூன்று சுற்று. பிறகு, நீண்ட ஊசியை அடிவரை இறக்கி இருபது நிமிடம் நைட்ரஜன் குமிழி விட்ட டிஎம்எஸ்ஓ. கடைசியில் சிரிஞ்சில் ப்ரோமைடு. பாத்தில் அல்ல, பிளாஸ்குக்குள் 80 டிகிரி இருக்கவேண்டும். காற்றை விரட்டுவது சும்மா சடங்கு இல்லை: ஆக்சிஜன் பல்லேடியத்தைப் பிடித்துக்கொண்டால், ப்ரோமைடு துணையே இல்லாமல் இரண்டு போரோனேட்டுகளைச் சேர்த்துப் பைஅரைல் ஆக்கிவிடும். ஈரம், காற்று இரண்டின் விளைவும் ஒரே பொருளாக இருப்பதால்தான் குழப்பமே. பலூன் ரப்பர் வழியாக ஈரமும் ஆக்சிஜனும் மெல்லக் கசியும். இரண்டு மணி நேர ரியாக்ஷனுக்குப் பலூன் போதும், ராத்திரி முழுக்க ஓடுவதற்கு நைட்ரஜன் லைனும் ஆயில் பப்ளரும் வையுங்கள்.

மெத்தாக்சி மாதிரி எலெக்ட்ரான் தள்ளும் தொகுதி இருந்தால் ரியாக்ஷன் மந்தம். நைட்ரைல், கீட்டோன் உள்ள ப்ரோமைடு சில மணியில் முடிகிறதென்றால், உங்களுடையது ராத்திரி தாண்டும். ஆரஞ்சு கலந்த சிவப்பு மெல்லப் பழுப்பாவது இயல்பு. முதல் ஒரு மணியிலேயே கறுப்புத் தூள் மிதந்தால் கேட்டலிஸ்ட் செத்துவிட்டது. காற்று உள்ளே இருக்கிறது. குளோரைடில் முயற்சி செய்யாதீர்கள், பல்லேடியத்தோடு ஒட்டியிருக்கும் துணை மூலக்கூறான (லிகண்ட்) டிபிபிஎஃப் அதற்குப் போதாது. டிரைசைக்ளோஹெக்சைல்ஃபாஸ்ஃபீன், எக்ஸ்ஃபாஸ் மாதிரியான லிகண்ட் வேண்டும். டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீன் உள்ள பல்லேடியத்தைப் போட்டாலும் தொல்லை: ஃபாஸ்ஃபரஸில் உள்ள ஃபீனைல் இடம்மாறி, ஃபீனைல் போரோனேட் கலந்து வரும்.

முடிந்ததும் ஆறவிட்டு, எத்தில் அசிடேட் 50 மில்லி சேர்த்து செலைட்டில் வடிகட்டி, தண்ணீரில் மூன்று முறை, உப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவுங்கள். சிலிக்கா காலத்தில் (பொருள்களைப் பிரித்தெடுக்கும் கண்ணாடிக் குழாய், column) சோம்பல் கூடாது. போரோனேட் எஸ்டர் சிலிக்காவில் வால் நீட்டும். நேரமாக ஆக, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போரோனிக் அமிலமாக அங்கேயே உட்கார்ந்துவிடும். குட்டையான காலம், வேகமான ஓட்டம். போரிக் அமிலம் ஏற்றிய சிலிக்காவில் வால் வெகுவாகக் குறைகிறது. போரிக் அமிலம் என்பது கேரம் போர்டில் தூவுகிற பவுடர்தான், ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகப் பாட்டிலையே வாங்குங்கள். மிச்சமான பி2பின்2 உங்கள் பொருளுக்குப் பக்கத்திலேயே இறங்கும், யூ.வி.யில் தெரியாது. 1.1 ஈக்விவலன்டுக்கு மேல் போடாதீர்கள் என்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

தெரியாததைத் தெரியவைக்க மஞ்சள் இருக்கிறது. குர்குமின் சுமார் 100 மில்லிகிராம், எத்தனால் 99 மில்லி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி. இந்தக் கரைசலில் டி.எல்.சி. தகட்டை (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்காத் தகடு) முக்கிக் காயவைத்தால், மஞ்சள் தரையில் போரோனிக் அமிலமும் எஸ்டரும் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ எழும். வெண்காரத்தை அமிலமாக்கி மஞ்சள் தாளில் தொட்டால் சிவக்கும் என்று பழைய உப்புப் பகுப்பாய்வில் படித்ததும் இதே வேதியியல்தான்; போரானுக்குக் குர்குமினின் இரண்டு ஆக்சிஜன்கள் கொடுக்கின்றன. ஆலப்புழை மஞ்சளில் குர்குமின் அதிகம் என்பார்கள், சரிதான். இருந்தாலும் தகட்டுக்கு வாங்கிய குர்குமினே மேல், சமையல் மஞ்சளில் எண்ணெய்ப்பசை வந்து தரை திட்டாகும்.

என்.எம்.ஆரில் உங்கள் பொருள் 7.75, 6.89-ல் டபுளட்டுகள், 3.82-ல் மெத்தாக்சி, 1.33-ல் பன்னிரண்டு ஹைட்ரஜன். பி2பின்2 1.25-ல் ஒற்றைக் கோடு. பழைய ப்ரோமைடு 7.37, 6.78. கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் போரான் ஒட்டிய கார்பனைக் காணோம் என்று பயப்படாதீர்கள், போரானின் குவாட்ருபோல் அதை அகலமாக்கித் தரையோடு கரைத்துவிடும். போரான் என்.எம்.ஆர். எடுக்கக் கொடுத்தால் ஒன்று தெரிந்திருங்கள்: பி2பின்2, அரைல் போரோனேட் இரண்டுமே 30, 31 பி.பி.எம். பக்கம் வரும், அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. 22 பக்கம் வருவது ஆக்சிஜன் பிடித்த போரான், அதாவது வேலை முடிந்த கழிவு. அடியில் மலை மாதிரி ஒரு அகலமான மேடு தெரிந்தால் அது உங்கள் சாம்பிள் இல்லை. போரோசிலிகேட் கண்ணாடியில் உள்ள போரான். குவார்ட்ஸ் ட்யூபில் அது குறையும். மாஸில் 234-க்கு ஒன்று முன்னால் 233-ல் கால்வாசி உயரத்துக்கு ஒரு பீக் இருக்கவேண்டும். இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. அந்த முன்-பீக் இல்லையென்றால் உங்கள் பொருளில் போரானே இல்லை.

வேறு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். பல்லேடியமே இல்லாமல் இதே பொருளை அடைய ஒரு வழி: 2010-ல் ஜியான்போ வாங் குழு காட்டியது. அனிலீன், பி2பின்2, டெர்ட்-பியூட்டைல் நைட்ரைட், அசிட்டோநைட்ரைல், கொஞ்சமே கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடு, அறை வெப்பம். டயசோனியமாகி நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும், அந்த இடத்தில் போரான் வரும். சாண்ட்மேயரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பிளாஸ்கை மூடி வைக்காதீர்கள். உங்களுக்குத் தேவைப்படும் பாரா-அனிசிடின் தோல் வழியாகவும் ஏறும் விஷம், கையுறை கழற்றக் கூடாது.

கல்லூரி ஆய்வகத்துக்கு இந்த வேதியியலில் எதைச் சிபாரிசு செய்வாய் என்று கேட்டால் தாமிரத்தைத்தான் சொல்வேன். தாமிரம்–ஆல்காக்சைடு பி2பின்2-ஐச் சந்தித்தால் ஆல்காக்சைடு ஒரு போரானோடு போக, தாமிரம்–போரான் உண்டாகிறது. அது நிறைவுறாத கீட்டோன், எஸ்டர் ஆகியவற்றின் பீட்டா கார்பனில் போரானை வைக்கும். 2000-ல் ஹோசோமியின் குழுவும் மியாவுராவின் குழுவும் தனித்தனியாக இதைக் காட்டின. 2006-ல் யுன் குழு 2 ஈக்விவலன்ட் மெத்தனாலைச் சேர்த்ததும் வேகம் எகிறியது, ஏனென்றால் மெத்தனால் கொடுக்கும் புரோட்டான் தாமிரத்தை விடுவித்து மறுபடி சுழலவிடுகிறது. அடுத்து சாந்தோஸ் குழு 2012-ல் காட்டியது உங்கள் ஊர் ஆடிக்கும் பொருந்தும்: காப்பர் சல்ஃபேட் 1 மோல் சதவீதம், 4-பிக்கோலின் 5 மோல் சதவீதம், கரைப்பான் தண்ணீர், திறந்த பிளாஸ்க், அறை வெப்பம். அங்கே கெடுத்த தண்ணீர் இங்கே வேலை செய்கிறது; பிக்கோலின் உதவியோடு தண்ணீரே போரானுக்குக் கொடுக்கிறது, கெடுவதற்கு அரைல்–பல்லேடியம் அங்கே இல்லை. கிடைத்ததைச் சோடியம் பெர்போரேட்டால் ஆக்சிஜனேற்றினால் பீட்டா-ஹைட்ராக்சி சேர்மம். ஒரே நாளில் முடிகிற நல்ல பி.ஜி. பரிசோதனை.

இரிடியம் வேறு ஜாதி. 2002-ல் மியாவுரா, ஹார்ட்விக் குழுக்கள் சேர்ந்தும், ஸ்மித்–மலெஸ்கா குழு தனியாகவும், ஹாலஜனே இல்லாமல் கார்பன்–ஹைட்ரஜனிலேயே போரானை வைத்தார்கள். இரிடியத்தோடு டை-டெர்ட்-பியூட்டைல் பைபிரிடின் சேர்த்தால் மூன்று போரில் தொகுதிகளைச் சுமந்த இரிடியம் உண்டாகிறது, அதுதான் வேலைக்காரன். பி2பின்2-ன் இரண்டு போரானும் செலவாகும் என்பது இதன் சிறப்பு. இடத்தைத் தீர்மானிப்பது நெரிசல்: 1,3-டைகுளோரோபென்சீனில் இரண்டு குளோரினுக்கும் எட்டாத 5-ஆம் இடம், அது மட்டும். குளோரின் அப்படியே இருக்கும். உங்கள் அனிசோலையே நேராகப் போட்டால் தனிப் பாரா கிடைக்காது, மெட்டா மிகுந்த மெட்டா–பாரா கலவை வரும். ஆகவே பல்லேடியத்துக்கு இது மாற்று இல்லை. அது போகாத இடத்துக்குப் போவது.

ஆல்கைன்களின் இருபுறமும் ஒரே பக்கமாக இரண்டு போரான் வைப்பதற்கு பிளாட்டினம், 1993-ல் வந்தது. அங்கே கொடுக்கிறவன் யாரும் இல்லை, பிளாட்டினம்(0) நேராகவே போரான்–போரான் நடுவில் நுழைகிறது. மோர்கன் குழு 2003-லிருந்து ஆல்கீன்களில் இதைக் கைராலாக (ஒரு கை வடிவம் மிகுந்து வரும்படி) செய்துவருகிறது. பினகாலுக்குப் பதில் கேட்டகால் உள்ள பி2கேட்2-க்குப் பசி அதிகம். பென்சீன் வளையம் ஆக்சிஜனின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் போரான் காலியாகவே நிற்கிறது. டைமெத்தில்அசிட்டமைடு மாதிரியான கரைப்பானில், நீல ஒளியில், கார்பாக்சிலிக் அமிலத்தின் தாலிமைடு எஸ்டரிலிருந்து கார்பன் டைஆக்சைடை உதறிவிட்டு அந்த இடத்தில் போரான் வைக்கலாம். அகர்வால் குழு, 2017. கேட்டகால் எஸ்டர் சிலிக்கா காலத்தில் நிற்காது, ஆகவே கடைசியில் பினகாலும் டிரைஎத்தில்அமினும் போட்டு மாற்றிவிட வேண்டும். இந்த ஒளி முறையை மறக்கிறவர்கள் அதிகம் இல்லை, கடைசிப் படியை மறக்கிறவர்கள் உண்டு.

டெட்ராஹைட்ராக்சிடைபோரான் பற்றி ஒரு எச்சரிக்கை. மொலாண்டர் குழு 2010-ல் இதை வைத்து எத்தனாலில் நேராகப் போரோனிக் அமிலம் செய்தது. பினகால் என்ற சுமை இல்லை. ஆனால் இது தண்ணீரோடும் ஆல்கஹாலோடும் பல்லேடியம் முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவை விடும். அதையே உபயோகமாக்கி ஆல்கீன்களை ஹைட்ரஜனேற்றவும் செய்கிறார்கள். மூடிய வயலில் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். எப்போதும் வெளிப்போக்கு இருக்கட்டும், பக்கத்தில் தீ வேண்டாம்.

கிடைத்த போரோனேட்டை வேறு வடிவுக்கு மாற்ற இரண்டு வழி. பினகாலைக் கழற்றிப் போரோனிக் அமிலமாக்கச் சோடியம் பெர்ஐயோடேட்டும் அம்மோனியம் அசிடேட்டும், அசிட்டோன்–தண்ணீரில். பெர்ஐயோடேட் பினகாலை இரண்டு அசிட்டோனாக வெட்டிவிடுவதால் அது திரும்பி வந்து ஒட்ட முடியாது. பொட்டாசியம் ட்ரைஃப்ளூரோபோரேட் உப்பாக்க, மெத்தனாலில் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடின் நீர்க்கரைசல். இது கண்ணாடியை அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு மேசையில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

திரும்ப உங்கள் பைஅரைலுக்கு. ஈரமா காற்றா என்று தீர்மானிக்க மூன்று வயல் ஒரே நாளில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ப்ரோமைடு 47 மில்லிகிராம், பி2பின்2 70, பொட்டாசியம் அசிடேட் 74, பல்லேடியம் 6 மில்லிகிராம், டிஎம்எஸ்ஓ 1.2 மில்லி. முதலாவதில் எல்லாம் காய்ந்தது, காற்று விரட்டியது. இரண்டாவதில் அதோடு 22 மைக்ரோலிட்டர் தண்ணீர், சுமார் 5 ஈக்விவலன்ட். மூன்றாவதில் எல்லாம் காய்ந்தது, ஆனால் குமிழி விடாத கரைப்பான், மூடியில் ஒரு ஊசி. 80 டிகிரியில் ராத்திரி விட்டு, எத்தில் அசிடேட்டும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மேலே நிற்பதை அப்படியே என்.எம்.ஆர். எடுங்கள். 7.75, 7.48, 7.37 மூன்றின் இன்டெக்ரலையும் எழுதுங்கள். பைஅரைல் மூலக்கூறில் 7.48-க்கு நான்கு ஹைட்ரஜன், ஆனால் அது இரண்டு ப்ரோமைடை விழுங்கியது. ஆகவே திருத்தம் எதுவும் இல்லாமல் மூன்று எண்களின் விகிதமே உங்கள் ப்ரோமைடு எங்கெங்கே போனது என்ற கணக்கு. பறந்துபோன அனிசோல் மட்டும் இதில் சேராது. இரண்டாவது வயலின் கணக்கு உங்கள் ஆனி மாத ரியாக்ஷனோடு ஒத்துப்போனால் அசிடேட் பாட்டிலை மாற்றுங்கள். மூன்றாவது ஒத்துப்போனால் பலூனையும் செப்டத்தையும்.